மைனஸ் பன்னிரண்டு

இளமதிக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு வேகமாக வரும். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம் அவளுடையது. அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, நேர்க்கோட்டின் சமன்பாடு வந்தாலே வகுப்பில் பாதிப்பேர் மிரளுவார்கள். ஒரே கோட்டை எத்தனை விதமாகத்தான் எழுதுவது? எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் பூஜ்யம் வைத்தால் அது பொது வடிவம். y-ஐ மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்தினால், கோட்டின் சாய்வு எவ்வளவு, அது y அச்சை எங்கே வெட்டுகிறது என்பது வெளியே தெரிகிற வடிவம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்லிக் கேள்வி வந்தால் இளமதி நடுவில் வரும் வரிகளை எழுதவே மாட்டாள். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நேரே விடைக்குப் போய்விடுவாள். விடை சரியாகவே இருக்கும். ஆசிரியரும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்.

பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா முடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். இரும்புத் தகடுகளை அமிலத் தொட்டியில் முக்கி, துரு நீக்கி, துத்தநாகப் பூச்சு ஏற்றி அனுப்பும் கம்பெனி. அங்கே அழுத்தம், வெப்பம், மட்டம் காட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பராமரிப்புப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வருஷம் எல்லாரும் அவளிடம் ஸ்பேனரைக் கொடுக்கவே தயங்கினார்கள். பிறகு எந்த மீட்டர் தகராறு செய்தாலும் "இளமதியைக் கூப்பிடு" என்பது பழக்கமாகிவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் வசந்தகுமாருடன் கல்யாணமாகி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. வாழ்க்கை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆடி மாதம் அமிலத் தொட்டியின் சென்சார் பழுதாகிவிட்டது. தொட்டியில் அமிலம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியே இருக்கும் டிஸ்ப்ளேவுக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். தொட்டியின் உயரம் நூற்று அறுபது சென்டிமீட்டர். டிஸ்ப்ளேவில் நூற்று நாற்பது வந்ததும் பம்ப் தானாக நின்றுவிடும். தகடு இறங்கும் இடைவெளி தவிர தொட்டியின் மேல்பக்கம் முழுக்கப் புகை உறிஞ்சும் மூடி இருப்பதால் உள்ளே எட்டிப் பார்த்து மட்டம் சொல்வது கஷ்டம். டிஸ்ப்ளேவை நம்பித்தான் எல்லாரும் வேலை செய்தார்கள்.

பழைய மாடல் கிடைக்காததால் வேறு கம்பெனியின் சென்சாரை வாங்கினார்கள். பழையதோடு வந்த தாளில் ஸ்லோப் இவ்வளவு, ஆஃப்செட் இவ்வளவு என்று இரண்டு எண் நேராகக் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே டிஸ்ப்ளேவில் தட்டினால் முடிந்தது. புதியவர்கள் தாளில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள்.

4x − 5y + 60 = 0.

x என்பது சென்சார் சொல்லும் எண். y என்பது அமிலத்தின் உண்மையான உயரம். டிஸ்ப்ளேவுக்கோ y = mx + c என்ற வடிவம்தான் புரியும். ஸ்லோப் என்கிற சாய்வுக்கு ஒரு பொத்தான், ஆஃப்செட் என்கிற வெட்டுத்துண்டுக்கு ஒரு பொத்தான்.

"லைன் நிக்குதும்மா, இளமதி" என்று இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார் பிளான்ட் மேனேஜர் ஜனார்தனன். திருவள்ளூர்க்காரர். அவருடைய அண்ணன் கோயில் கைங்கரியத்தில் இருந்தார். இவர் இன்ஜினியரிங் படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டவர். நெற்றியில் மெல்லிய திருமண் கோடு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அந்தக் குரலில் "லைன் நிக்குது" என்று கேட்டால்தான் இளமதிக்குக் கை பரபரக்கும்.

அவள் ஏணிப்படியில் நின்றபடியே மனசுக்குள் மாற்றினாள். நாலை ஐந்தால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி எட்டு. மட்டத்தைச் சொல்லும் கோடு ஏறக்குறைய எப்போதும் மேல்நோக்கித்தான் போகும் என்பதால் சாய்வு பிளஸ்தான். அறுபதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் மைனஸ் அறுபது, ஐந்தால் வகுத்தால் பன்னிரண்டு. மைனஸ் பன்னிரண்டு என்று தட்டினாள். டிஸ்ப்ளே எண்பத்தெட்டு காட்டியது. நம்பக்கூடிய எண்தான். சென்சார் மாற்றினால் ஒரு கம்பியை உள்ளே விட்டு நனைந்த உயரத்தை அளந்து சரிபார்ப்பது வழக்கம். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் அரைமணி நேரம் ஆகும். அவள் கழற்றவில்லை. "ஓகே சார்" என்று குரல் கொடுத்தாள். லைன் ஓடத் தொடங்கியது.

மறுநாள் பகலில் தொட்டிக்குப் புது அமிலம் ஏற்றினார்கள்.

தேசப்பன் அப்போது தொட்டியின் ஓரத்து மேடையில் நின்றிருந்தார். ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். கான்ட்ராக்ட் தொழிலாளி. கிரேன் கொக்கியில் தொங்கி வரும் தகடுகளைக் கையால் திருப்பித் தொட்டிக்குள் இறக்குவது அவர் வேலை. பம்ப் ஓடும்போது டிஸ்ப்ளேவை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எண் ஏறி ஏறி நூற்று முப்பத்தாறில் வந்து நின்றது. இன்னும் நாலு பாக்கி என்று நினைத்துத் தகட்டின் பக்கம் திரும்பினார். அதே நேரம் மூடிக்கு அடியிலிருந்து அமிலம் விளிம்பு தாண்டி வழிந்து மேடைக்கு வந்தது. அவருடைய இடது கால் பூட்ஸுக்குள் மேல்வழியாக இறங்கியது.

அலறல் கேட்டு இளமதி ஓடிவந்தபோது நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அவசரக் குளியல் குழாய்க்கு அடியில் நிறுத்தியிருந்தார்கள். யாரோ பம்பை அணைத்திருந்தார்கள். பூட்ஸைக் கழற்றியதும் பார்க்க முடியாமல் ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீளு... நீளு" என்று தெலுங்கில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோனது.

கூட்டம் கலைந்தபின் இளமதி தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். விளிம்பு வரை அமிலம் தளும்பிக்கொண்டிருந்தது. தொட்டியின் உயரம் நூற்று அறுபது. டிஸ்ப்ளே அப்போதும் நூற்று முப்பத்தாறு என்றே காட்டியது.

இருபத்துநாலு வித்தியாசம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பன்னிரண்டைக் கூட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டைக் கழித்தால் இருபத்துநாலு குறையும். y-க்கு முன்னால் இருந்தது வெறும் ஐந்து இல்லை, மைனஸ் ஐந்து. மைனஸ் அறுபதை மைனஸ் ஐந்தால் வகுத்தால் பிளஸ் பன்னிரண்டு. கோடு மேலேதான் போகும் என்று சாய்வுக்குப் பிளஸ் போட்டவள் வெட்டுத்துண்டுக்கு அந்த மைனஸை மறந்துபோயிருந்தாள்.

அதைவிட மோசமான ஒன்று பிறகு தோன்றியது. சென்சாரைத் தொட்டியின் தரையில் வைக்கவில்லை. அடியில் வண்டல் படியும் என்பதால், ஆர்டரில் எழுதிக் கொடுத்திருந்தபடி தரையிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே அவள்தான் தன் கையால் பொருத்தினாள். சென்சாருக்குக் கீழே எப்போதும் பன்னிரண்டு சென்டிமீட்டர் அமிலம் கிடக்கும், அதைக் கூட்டத்தான் வேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பூஜ்யம் புள்ளி எட்டும் அப்படித்தான். தன்மேல் நிற்கும் பாரத்தைச் சென்சார் தண்ணீர் உயரமாகச் சொல்கிறது, அமிலம் தண்ணீரைவிடக் கனம், அதனால் உயரம் குறையும். அந்த வரியில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அவள் கண் முன்னால் நின்ற தொட்டியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. எழுத்துகளை இடம் மாற்றினாள்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜனார்தனன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உக்காரும்மா. தண்ணி குடி."

அவள் குடிக்கவில்லை. "சார், ஆஃப்செட் தப்பு. நான்தான் மைனஸ் போட்டுட்டேன்."

"தெரியும். நானும் போய்ப் பாத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல அதைச் சரி பண்ணு. பிளஸ்ஸா மாத்து. இல்லேன்னா அடுத்த தடவையும் வழியும்."

"மாத்தறேன் சார். அப்புறம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட..."

"இன்ஸ்பெக்டருக்கு என்ன சொல்லணும்னு நான் பாத்துக்கறேன். பம்பை மேனுவல்ல, கையால நிறுத்தற மாதிரி போட்டு ஓட்டியிருக்கான் தேசப்பன். அவ்வளவுதான்."

"அவரு தானா நிக்கிற ஆட்டோலதான் சார் விட்டிருந்தாரு."

ஜனார்தனன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இளமதி, அந்தத் தொட்டிக்கு ஃப்ளோட் ஸ்விட்ச் ஒண்ணு இருந்தது இல்லையா?"

இருந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கும் ஒரு உருண்டை. டிஸ்ப்ளே என்ன காட்டினாலும் சரி, அமிலம் அந்த உருண்டையைத் தூக்கினால் பம்ப் நின்றுவிடும். அது அரித்துப்போய்ப் பொங்கலுக்கு முன்பே கழற்றியாகிவிட்டது. புதியது வாங்கவில்லை. அது இல்லாமலே ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டவர் ஜனார்தனன்.

"ரெண்டும் வெளியே வந்தா பிளான்ட்டை மூடுவா. எழுபது பேர் வேலை செய்யறா. நான் ஆசைப்பட்டுச் சொல்லலை. தேசப்பனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வேறே ஏதாவது, எல்லாம் நான் பாத்துப் பண்றேன். நீ வாயைத் திறந்தேன்னு வெச்சுக்கோ, உன் மைனஸ் மட்டும்தான் நிக்கும். ஃப்ளோட் பத்தி யாரும் பேசமாட்டா. யோசிச்சுக்கோ."

அவள் எழுந்து போய் டிஸ்ப்ளேவில் மைனஸைப் பிளஸ் ஆக்கினாள். நூற்று முப்பத்தாறு மறைந்து நூற்று அறுபது வந்தது. செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் பொத்தானை அழுத்தி முடித்தபோது தான் ஒரு தடயத்தை அழித்துவிட்டதும் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போனாள். மீட்டர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கருவிக்கு முன்னாலும் நின்று பழைய எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். தொழிற்சாலை ஆய்வாளர் ஒருமுறை வந்து போனார், தொட்டியைப் பார்த்தார், ஜனார்தனனோடு பேசினார். விசாரணை நடக்கும், எல்லாரையும் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கான்ட்ராக்டர் தேசப்பனின் பெயரை வேலை ஆட்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகக் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். "மேனுவல்ல போட்டுட்டு வேடிக்கை பார்த்தானாம்" என்று ஒருவன் சொன்னான். இளமதி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

வசந்தகுமாருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவன் முதலில் அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் விசாரணையில் சொல்லப்போவதாகப் பேச்செடுத்தபோதெல்லாம் கோபம் வந்தது.

"நீ போய் சொல்லிக்கினா இன்னா ஆவும் மதி? அவரு காலு திரும்பப் பழையபடி ஆயிடுமா?"

"ஆவாது."

"அப்புறம்? உன் வேல பூடும். போலீஸு கேஸுன்னு இழுத்தா இன்னா பண்ணுவ? ஆஃபீஸர் கையெழுத்துப் போட்டவரு, அவரே சும்மா கீறாரு."

"அவரு சும்மா கீறாருன்னு நானும் சும்மா இருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லல." அவன் குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் பயமா கீது. அவ்ளோதான்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஜனார்தனன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளை அதிகம் அலைக்கழித்தது. அவள் சொன்னால் எல்லாப் பழியும் அவள் மேல் வந்து ஃப்ளோட் ஸ்விட்ச் விஷயம் மறைந்துபோகக்கூடும். நாளைக்கு வேறு சென்சார் பழுதாகும், வேறொருவன் காலில் அமிலம் இறங்கும். சொல்லாவிட்டாலோ தேசப்பன் தலையில் விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் கையிலிருந்து போன அந்த மைனஸ் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

தேசப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். வசந்தகுமார் பைக்கை எடுத்தான். ஆரம்பாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும் மண் ரோட்டில் ஓட்டினான். வழியில் ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சிமென்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் தேசப்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டு. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். இளமதியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க அண்ணே, உக்காருங்க."

"வாங்க மேடம். நைனா, நீயும் வாப்பா, இப்படி உக்காரு" என்று வசந்தகுமாரைக் கட்டிலில் தன் பக்கத்தில் இடம் காட்டி உட்கார வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி கெங்கம்மாள் டீயோடு வந்தாள். கம்பெனியிலிருந்து வந்த முதல் ஆள் என்பதால் அவளுக்கு இவர்கள் மேல் ஒரு மரியாதை. டீயைக் கொடுத்துவிட்டு நின்றபடியே பேச ஆரம்பித்தாள்.

"பாருங்கம்மா, இவரு இன்னா தப்பு பண்ணாருன்னு பேர எடுத்துட்டாங்க? கேட்டா மேனுவல்ல போட்டாருன்றாங்க. நீங்க படிச்சவங்க, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சும்மா இரு கெங்கம்மா" என்றார் தேசப்பன். பிறகு இளமதியைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நானு சுவிட்சத் தொடல மேடம். ஆனா இன்னான்னா... எனக்கே இப்ப டவுட்டா கீது. டிஸ்ப்ளேல நூத்தி முப்பத்தாறுதான் பாத்தேன். நாலு பாக்கி கீதுன்னு நெனச்சேன். அப்புறம் எப்படி வழியும்? என் கண்ணுதான் பேஜார் பண்ணிடுச்சோ? ஐம்பத்தாறைப் போய் முப்பத்தாறுன்னு படிச்சிட்டேனோ? ஆஸ்பத்திரில படுத்துக்கினு அதையேதான் நெனச்சிக்கினு இருந்தேன். நம்ம தப்புதான் போல."

இளமதி கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க கண்ணு சரிதான் அண்ணே. நூத்தி முப்பத்தாறுதான் காட்டிச்சு."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அது பொய் காட்டிச்சு. தொட்டி முழுசா ரொம்பியிருக்கும்போது அது நூத்தி முப்பத்தாறு காட்டிச்சு. நூத்தி நாப்பது வரவே வராது, பம்பு நிக்கவே நிக்காது. அப்படி காட்டுறாப்பல எண்ணைப் போட்டவ நான்தான். கூட்ட வேண்டிய எடத்துல கழிச்சிட்டேன். முந்தின நாள் நான் கம்பிய உட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல."

கெங்கம்மாள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நீதானா?" என்றாள். மரியாதை போயிருந்தது. "நீ பண்ணதுக்கா இவரு இப்படிக் கெடக்குறாரு? இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த? இப்ப ஆப்பிளத் தூக்கிக்கினு வந்துட்டியா?"

வசந்தகுமார் எழுந்தான். இளமதி அவன் கையைப் பிடித்து உட்காரச் சொன்னாள். கெங்கம்மாள் திட்டத் திட்ட அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழக் கூடாது என்று நினைத்தும் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. தேசப்பன் மனைவியை அடக்கவில்லை. கட்டைப் பார்த்தபடி இருந்தார். கெங்கம்மாள் ஓய்ந்து உள்ளே போனபின் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் பாத்தது சரிதானே மேடம்?"

"சரிதான் அண்ணே."

"நூத்தி முப்பத்தாறு."

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபமாகவும் பேசவில்லை. "நீங்க கெளம்புங்க. அவ மறுபடி வருவா" என்றார்.

திரும்பி வரும் வழியில் வசந்தகுமார் பைக்கை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "விசாரணைல சொல்லிடு" என்றான். "ஆனா உன்னோடத மட்டும் சொல்லாத. அந்த உருண்டை விஷயத்தையும் சேத்துச் சொல்லு. ரெண்டும் ஒண்ணா சொன்னாத்தான் நிக்கும்."

விசாரணை கம்பெனியின் மீட்டிங் ஹாலிலேயே நடந்தது. ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவருக்கு எதிரே ஜனார்தனனும் கான்ட்ராக்டரும் கம்பெனி வக்கீலும் இருந்தார்கள். இளமதியின் முறை வந்ததும் அவள் வெள்ளைப் பலகைக்கு அருகே போய் நின்றாள். தாளில் இருந்த வரியை எழுதினாள். அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் எழுதாத நடு வரிகளை ஒவ்வொன்றாக எழுதினாள். −5y = −4x − 60. இரண்டு பக்கத்தையும் மைனஸ் ஐந்தால் வகுத்தால் y = 0.8x + 12. பக்கத்தில் தான் போட்டதையும் எழுதினாள்: y = 0.8x − 12.

"இந்த மைனஸ் நான் போட்டது மேடம்" என்றாள். "சரிபாக்காம விட்டதும் நான்தான். விபத்துக்கப்புறம் சாயங்காலமே மாத்திட்டேன். மாத்தினதையும் உங்ககிட்ட அன்னைக்குச் சொல்லியிருக்கணும், சொல்லலை. தேசப்பன் ஆட்டோலதான் பம்பை விட்டிருந்தாரு. மேனுவல்ல போட்டிருந்தாலும் போடாட்டியும் டிஸ்ப்ளே நூத்தி முப்பத்தாறைத் தாண்டியிருக்காது."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு. என் கணக்கு தப்பானாலும் பம்பை நிறுத்துறதுக்கு ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் உண்டு. அது பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து அங்க இல்ல. போல்ட் போட்ட ஓட்டை இன்னும் காலியா இருக்கு, வந்து பாருங்க."

ஆய்வாளர் எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். ஜனார்தனன் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். இளமதி கதவருகே திரும்பிப் பார்த்தபோது அவர் வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தெரியவில்லை. ரொம்பக் களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

பிளான்ட்டை நிரந்தரமாக மூடவில்லை. ஃப்ளோட் ஸ்விட்ச் பொருத்தி, மேடைக்குத் தடுப்பு வைத்து, உயரமான பூட்ஸ் கொடுத்த பிறகுதான் தொட்டியை ஓட்டலாம் என்று உத்தரவு போட்டார்கள். அதுவரை லைன் நின்றது. அந்த நாட்களில் கான்ட்ராக்ட் ஆட்கள் பலருக்கு வேலை இல்லை. அவர்களில் சிலர் இளமதியைக் கடைத்தெருவில் பார்த்தால் பேசாமல் போனார்கள். தேசப்பன் மேல் சொல்லப்பட்ட பழியை நீக்கி எழுதினார்கள். கால் ஆறும்வரை கம்பெனிதான் பார்க்க வேண்டும் என்றாயிற்று. ஜனார்தனன் வேறு ஊருக்குப் போய்விட்டார். இளமதியை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட செக்யூரிட்டி, "நல்லா இருங்கம்மா" என்றார். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த வழியனுப்பு.

கும்மிடிப்பூண்டியில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் விஷயம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தாள். அப்பா ராஜமாணிக்கம் வந்து, "வயக்காட்டுப் பக்கம் வந்து கொஞ்ச நாள் இரும்மா" என்று கூப்பிட்டார். போகவில்லை. போனால் திரும்ப வேலைக்கு வரத் தைரியம் இருக்காது என்று தோன்றியது. சில நாள் சோற்றுக்கு உப்புப் போடும்போதுகூட, போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் இரண்டாம் தடவை போட்டுவிடுவாள். வசந்தகுமார் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுவான்.

கடைசியில் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் மீட்டர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. நேர்காணலிலேயே நடந்ததைச் சொன்னாள். முதலாளி ஏஞ்சலின் என்ற அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்க நீங்க போடுற எண்ணை வேற ஒருத்தர் பாக்காம வெளிய போவாது. சம்மதமா?" என்றாள். "எனக்கும் அதுதான் வேணும் மேடம்" என்றாள் இளமதி. வேப்பம்பட்டில் வீடு பார்த்துக் குடிவந்தார்கள். அங்கிருந்து காட்டுப்பள்ளிக்குப் போய் வர வசந்தகுமாருக்குத்தான் அலைச்சல்.

அந்தக் கடையிலிருந்து போகும் தாள்களில் இளமதி கோட்டைப் பொது வடிவத்தில் மட்டும் விடுவதில்லை. y-ஐத் தனியே நிறுத்தி இன்னொரு முறையும் எழுதுவாள். கீழே, கருவி இந்த எண் சொன்னால் உண்மை இவ்வளவு என்று ஒரு எடுத்துக்காட்டும் இருக்கும். எத்தனை எளிய கணக்கானாலும் நடு வரிகளை எழுதாமல் விடுவதில்லை. கூட வேலை செய்யும் மோனிகா சரிபார்த்து "கரெக்ட்" என்று சொல்லும்வரை அவள் கை பேனாவை மூடாது. சில நாள் மோனிகா சொன்ன பிறகும் தாளைத் திரும்ப வாங்கிப் பார்ப்பாள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

போன மாசியில் அப்பாவைப் பார்க்க சூளூர்பேட்டை ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். பொன்னேரியில் ஏறியவர்களில் கெங்கம்மாளும் இருந்தாள். இளமதிக்கு எதிர் இருக்கை தவிர வேறு இடம் இல்லை. உட்கார்ந்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கெங்கம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இளமதி மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவரைப்பேட்டை வந்ததும் எழுந்து கதவை நோக்கி நகர்ந்தாள்.

"ஏம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினாள்.

"அவரு இப்ப நடக்குறாரு" என்றாள் கெங்கம்மாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "மழ வந்தா காலு குடையுதுன்றாரு. மத்தபடி வேலைக்குப் போறாரு."

ரயில் நின்றது. இறங்குகிறவர்கள் முதுகில் தள்ளினார்கள். இளமதி பதில் சொல்வதற்குள் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டாள். ரயில் கிளம்பி முழுதும் கடந்து போகும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.